குறுகிய வழியும் தக்க பாரமும்

விளையாட்டு என்பது ஆடுவார்க்கு மட்டுமன்றிக் காண்பார்க்கும் உரியது. முன்னாளில் சடுகுடு ஆடுகளத்தைச் சூழ நின்றவர்களே அதன் களிப்பைத் துய்த்தனர். இந்நாளிலோ, கணிப்பொறியில் விளையாடும் ஓர் இளைஞன், தான் ஆடுவதனை ஆடும்பொழுதே நெடுந்தொலைவில் உள்ளாரும் கண்டு மகிழுமாறு இணையத்தின் வழியே அனுப்புகின்றான். இதனையே நேரலை என்கின்றோம். நேரலை சிறப்புற அமைவதற்கு விலையுயர்ந்த கணிப்பொறியும் தெளிந்த திரையும் இருத்தல் போதும் எனப் பலர் எண்ணுகின்றனர். அவை நன்மை பயப்பனவே. ஆயினும், நம் இல்லத்தினின்று படம் புறப்பட்டுச் செல்லும் வழி குறுகியதாயின், அவ்வழி தாங்கும் அளவினை அறிந்து, அதற்கேற்பப் படத்தை அமைத்துக் கொள்ளுதலே முதற்கண் செய்யத்தக்கது. அம்முறையினை எங்கள் இல்லத்தில் நிகழ்ந்தனவற்றைக் கொண்டு ஈண்டு விளக்க முயல்கின்றேன்.

சேலம் நகருக்கு வடபால், ஏற்காட்டு மலையடிவாரத்தை அடுத்துள்ள கொண்டப்பநாயக்கன்பட்டி எங்கள் ஊர். என் தந்தையார் சரக்கு லாரி ஓட்டுநர். சேலம், சங்ககிரி, நாமக்கல் ஆகிய பக்கங்களில் லாரித்தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் மிகப் பல என்பதை இவ்விதழ் படிக்கும் அன்பர்கள் அறிவார்கள். அத்தொழிலை மேற்கொண்டார்க்கு இல்லத்தில் உறையும் நாட்கள் சிலவே. நாக்பூருக்கும் இந்தூருக்கும் செல்லும் நெடுஞ்சாலையிலே திங்களின் பெரும்பகுதி கழிந்துவிடும். என் தம்பி பதினொன்றாம் வகுப்பில் பயில்கின்றான். பழைய கணிப்பொறி ஒன்றனை வாங்கித் தானே பழுது நீக்கி, அதில் யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்னும் விளையாட்டினை ஆடி வருகின்றான். செக் நாட்டு எஸ்சிஎஸ் சாஃப்ட்வேர் நிறுவனம் 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட இவ்விளையாட்டில், ஐரோப்பிய நெடுஞ்சாலைகளின் வழியே சரக்கு வண்டியை ஓட்டிச் சென்று, ஏற்றிய பொருளைப் பழுதின்றி உரிய இடத்தில் சேர்த்தல் வேண்டும். லாரி ஓட்டுநரின் மகன் லாரி விளையாட்டை விரும்பியதில் வியப்பொன்றும் இல்லை.

சனிக்கிழமைதோறும் இரவு எட்டு மணி முதல் பத்து மணி வரை அவன் இதனைத் தமிழில் விளக்கிக்கொண்டே யூடியூபில் நேரலையாக அனுப்புவான். காண்போர் முப்பதின்மர் அல்லது நாற்பதின்மர் இருப்பர். அவருள் ஒருவர் எங்கள் தந்தையார். வழியோரத்து உணவகத்தின் முன் வண்டியை நிறுத்திவிட்டு, இருக்கையிற் சாய்ந்தவண்ணம் கைப்பேசியில் தம் மகன் லாரி ஓட்டுவதைக் காண்பார். தந்தையும் மகனும் ஒருங்கே கழிக்கும் பொழுது அக்கிழமை முழுவதிலும் அவ்விரண்டு மணி நேரமே. ஆதலின், அந்நேரலை தடையின்றிச் செல்லுதல் எங்களுக்கு வெறும் பொழுதுபோக்கின் பொருட்டாக மட்டும் அமையவில்லை.

தொடக்கத்தில் தம்பி, புகழ்பெற்ற நேரலையாளர் சிலர் மேற்கொள்ளும் அமைப்பினையே தானும் மேற்கொண்டான். அஃதாவது, அகலம் 1920, உயரம் 1080 என்னும் அளவில் படப்புள்ளிகள். நொடிக்கு 60 படங்கள். நொடிக்கு 6,000 கிலோபிட். டுவிட்ச் என்னும் நேரலைத் தளம் அவ்வளவுப் படத்துக்குப் பரிந்துரைத்த பிட்ரேட்டும் அதுவே. எங்கள் இல்லத்திலோ கம்பிவழி இணைப்பு இல்லை. கைப்பேசி இணைப்பே உண்டு. விளைவு யாதாயிற்று? தம்பியின் திரையில் வண்டி இனிதே ஓடிற்று. தந்தையாரின் கைப்பேசியிலோ ஒரு வட்டம் சுழன்றுகொண்டிருந்தது. ஓரிரவு தந்தையார் தொலைபேசியில் அழைத்து, "கண்ணு, படம் பெருசா வரோணும்னு இல்லடா. நீ பேசறது அறாமக் கேட்டாப் போதும்" என்றார். அச்சொற்கள் தம்பியின் உள்ளத்தில் தைத்தன. மறுநாள் அவன், "அக்கா, கணக்குப் போட்டுப் பார்க்கலாமா?" என்று என்னிடம் வந்தான். தமிழ் பயிலும் எனக்குக் கணக்கில் பெருந்தேர்ச்சி இன்றாயினும், பெருக்கலும் வகுத்தலும் இதற்குப் போதுமாயின.

முதலில் அறியவேண்டுவது, இணைப்பிற்கு இரு திசைகள் உண்டு என்பதாம். நாம் படம் பார்க்குங்கால் செய்தி நம்மை நோக்கி வருகின்றது. நேரலை செய்யுங்கால் நம்மிடமிருந்து செல்கின்றது. பின்னதனை அப்லோடு என்பர். மக்களுட் பெரும்பாலார் பெறுபவரேயன்றி அனுப்புபவர் அல்லர். ஆதலின், கைப்பேசி வலைகளில் வரும் வழிக்கே மிகுதியான இடம் ஒதுக்கப்பெறுகின்றது. அன்றியும், கோபுரம் பேராற்றலுடன் அலைகளை அனுப்பவல்லது. நம் கையகத்துக் கருவியோ சிறு மின்கலத்தின் துணைகொண்டு சிற்றாற்றலுடனேயே அனுப்பவல்லது. எனவே, திரைப்படம் தங்குதடையின்றி ஓடுகின்றமையின் நம் இணைப்பு நேரலைக்கும் போதும் எனக் கருதுதல் பொருந்தாது. வரும் வழி அகன்றிருத்தல் செல்லும் வழி அகன்றிருப்பதற்குச் சான்றாகாது.

இரண்டாவது, அவ்வழியினை அளத்தல். ஒருமுறை அளந்து அமைதி கொள்ளலாகாது. பகலில் அளந்தது இரவிற்குப் பொருந்தாது; ஏனெனின், இரவில் ஊரார் பலரும் அதே கோபுரத்தைப் பகிர்ந்துகொள்கின்றனர். நாங்கள் நேரலை நிகழும் அதே வேளையில் பத்து முறை அளந்தோம். மிகுதியாகக் கிடைத்தது நொடிக்கு 4.1 மெகாபிட், குறைவாகக் கிடைத்தது 1.7 மெகாபிட். ஈண்டு மெகாபிட் வேறு, மெகாபைட் வேறு என்பதை மறத்தலாகாது; எட்டுப் பிட் சேர்ந்ததே ஒரு பைட். இவ்விரு எண்களுள் எதனைக் கொள்வது? தம்பி சராசரியைக் கொள்ளலாம் என்றான். யான் உடன்படவில்லை. பாலம் தாங்கும் எடையினை அதன் மிக வலிய தூணைக் கொண்டோ, தூண்களின் சராசரி வலிமையைக் கொண்டோ கணித்தல் தகுமா? மெலிந்த தூணே அளவுகோல். ஆதலின் 1.7 என்பதனையே கொண்டு, அதிலும் நான்கில் ஒரு பங்கினை எதிர்பாராத் தளர்ச்சிக்கென விட்டு, எஞ்சிய 1,275 கிலோபிட்டினை ஒட்டி, ஏறத்தாழ 1,300 கிலோபிட்டே எங்கள் பாரம் என வரையறுத்தோம். அதில் ஒலிக்கு 96, படத்துக்கு 1,200.

மூன்றாவது, அப்பாரத்துள் எவ்வளவு படம் அடங்கும் எனக் காணுதல். 1920-ஐ 1080-ஆற் பெருக்கின் 20,73,600 படப்புள்ளிகள். நொடிக்கு 60 படங்கள் எனின், 12,44,16,000 புள்ளிகள். எங்களிடம் உள்ள 12 இலட்சம் பிட்டினை அவற்றிற்குப் பகிர்ந்தளித்தால், ஒரு புள்ளிக்கு ஒரு பிட்டில் நூற்றிலொரு பங்குகூடக் கிட்டாது. 1280-க்கு 720 என்னும் அளவில் நொடிக்கு 30 படங்கள் எனின், 2,76,48,000 புள்ளிகள். ஒவ்வொன்றிற்கும் நூற்றில் நான்கு பங்கு. 854-க்கு 480 என்னும் அளவில் 30 படங்கள் எனின், 1,22,97,600 புள்ளிகள். ஒவ்வொன்றிற்கும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. பெருவழக்கிலுள்ள எச்.264 என்னும் சுருக்கும் முறைக்கு, விரைந்தசையும் விளையாட்டுப் படமாயின், புள்ளிக்குப் பத்தில் ஒரு பிட் என்பது ஏற்கத்தக்க பங்காகும். ஆகவே, பரந்த படத்தை விழைந்த தம்பி 480-க்கு இறங்கி வந்தான்.

இங்கு ஓர் ஐயம் எழும். ஒரு புள்ளியின் நிறத்தை முழுமையாகக் குறிக்க 24 பிட் வேண்டுமே. பத்தில் ஒரு பிட்டால் அஃது எங்ஙனம் இயலும்? 2003-ஆம் ஆண்டில் வரையறுக்கப்பெற்ற எச்.264 முறை, ஒவ்வொரு படத்தையும் முழுமையாக அனுப்புவதில்லை. முன்சென்ற படத்தினின்று எப்பகுதி மாறிற்று, எப்பகுதி எத்திசையில் நகர்ந்தது என்பனவற்றையே பெரும்பாலும் குறித்து அனுப்புகின்றது. கண் எளிதிற் காணாத நுண்மைகளைக் கைவிடுகின்றது. இவ்வாற்றால் எங்கள் படம் ஏறத்தாழ 246-இல் ஒரு பங்காகச் சுருங்கிச் செல்கின்றது. எனினும், நொடிகள் சில கழிந்தபின் முழுப் படம் ஒன்று சென்றே தீரல் வேண்டும். அன்றேல் இடையில் வந்து சேர்வார்க்குத் தொடக்கம் கிட்டாது. அதனைக் கீபிரேம் என்பர். இரண்டு நொடிக்கு ஒன்று என்பது நேரலைத் தளங்கள் விரும்பும் அளவு.

இதனாற் பெறப்படும் பிறிதோர் உண்மை, விளையாட்டின் இயல்பிற்கேற்ப அமைப்பும் மாறல் வேண்டும் என்பதாம். சதுரங்க ஆட்டத்தில் பலகை அசையாது கிடக்கும்; நெடுநேரத்துக்கு ஒருகால் ஒரு காய் நகரும். அதற்கு நொடிக்குப் பதினைந்து படங்களும் அமையும். ஆதலின் 1,200 கிலோபிட்டில் 720 அளவுப் படமும் தெளிவுறச் செல்லும். லாரி விளையாட்டிலோ சாலையும் மரங்களும் புல்லும் இடையறாது பின்னோக்கி ஓடுகின்றன. மழை பெய்யின் துளிதோறும் புதிய மாற்றம். சுருக்கும் கருவி திகைத்துப் படத்தைக் கட்டங்கட்டமாகச் சிதைத்துவிடும். ஆகவே தம்பி, விளையாட்டின் உள்ளமைப்பிலேயே புல்லின் அடர்த்தியைக் குறைத்தான். மழை வரும் வாய்ப்பினை முற்றும் நீக்கினான். அனுப்பும் கருவியைத் திருத்துதற்கு முன், அனுப்பப்படும் பொருளையே எளிமையாக்குதல் நன்று எனக் கண்டோம்.

நொடிக்கு 60 படங்கள் இருப்பின் அசைவு வழுவழுப்பாகும் என்பது மெய்யே. துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்களில் அஃது இன்றியமையாததாகவும் அமையலாம். ஆயின், குறுகிய வழியில் 60 என்பது ஒவ்வொரு படத்தின் பங்கையும் பாதியாக்குவதாம். இவ்விடர்ப்பாடு புதியதன்று. 1936-ஆம் ஆண்டில் இலண்டனில் பிபிசி தொலைக்காட்சி தொடங்கியபொழுது, 405 கோடுகளால் ஆகிய படத்தை ஒருங்கே அனுப்பாது, ஒற்றைப்படைக் கோடுகளை ஒருமுறையும் இரட்டைப்படைக் கோடுகளை மறுமுறையும் மாறிமாறி அனுப்பினர். அலைவழி தாங்கும் அளவு குறைவு; திரை சிமிட்டவும் கூடாது. இரண்டிற்கும் இடையே அப்பொறியறிஞர் கண்ட நடுவழி அது. பேரரசின் தலைநகரத்திலும் வழி குறுகியே இருந்தது என்பதை அறியுங்கால், நம் ஊரின் குறை பெரிதாகத் தோன்றவில்லை.

தம்பி பயன்படுத்தும் ஓபிஎஸ் ஸ்டூடியோ என்னும் மென்பொருள் 2012-இல் முதன்முதல் வெளிவந்தது. யாவர்க்கும் விலையின்றிக் கிடைப்பது. அதில் பிட்ரேட்டினை மாறா அளவாக, அஃதாவது சிபிஆர் என, வைத்தல் வேண்டும். அளவு மாறவிடின், காட்சி விரையும்பொழுது பாரம் திடீரென மிகுந்து வழியை அடைத்துவிடும். சுருக்கும் கருவிக்கு விரைவு, மெதுவு எனப் பல நிலைகள் உண்டு. மெதுவான நிலை, அதே பிட்டில் நல்ல படம் தரும். ஆயின் கணிப்பொறியின் உழைப்பு மிகும். பழைய பொறியாதலின், அது திணறாத எல்லைவரை மெதுவாக்கிப் பார்த்து, ஓரிடத்தில் நிறுத்தினோம். அம்மென்பொருளின் அடியில் தவறிய படங்களின் எண்ணிக்கை தோன்றும். அவை வலையினால் தவறினவோ, பொறியின் சோர்வினால் தவறினவோ எனப் பகுத்தறிதல் இன்றியமையாதது. வலையினால் எனின் பிட்ரேட்டைக் குறைத்தல் வேண்டும். பொறியினால் எனின் சுருக்கும் நிலையை விரைவாக்கலோ படங்களின் எண்ணிக்கையைக் குறைத்தலோ வேண்டும். நோய் ஒன்றிருக்க மருந்து வேறொன்றாயின் பயன் என்னை?

ஒலியைப் பற்றியும் ஒரு சொல். 1,300-இல் 96 என்பது சிறு பங்கு. ஆயினும் அப்பங்கில் கை வைத்தல் தகாது. படம் சிறிது மங்கினும் காண்போர் பொறுப்பர். குரல் அறுந்து அறுந்து வரின் பொறார். தந்தையார் வேண்டியதும் அக்குரலையே அன்றோ? படத்தைக் குறைக்கலாம், பேச்சைக் குறைக்கலாகாது என்பதனை எங்கள் அமைப்பின் முதல் விதியாகக் கொண்டோம்.

வழியில் கசிவுகளும் உண்டு. அன்னையாரின் கைப்பேசி அன்று எடுத்த நிழற்படங்களைத் தானாகவே மேலேற்றும். அஃதும் அதே குறுகிய வழியில்தான் செல்லும். நேரலை முடியுமட்டும் அதனை நிறுத்தி வைத்தோம். கைப்பேசியினின்று கணிப்பொறிக்கு வைஃபை வழியாக இணைப்பைப் பெறுவதனை விடுத்து, யூஎஸ்பி கம்பியாற் பிணைத்தோம். கைப்பேசியை மலைநோக்கிய அறையினின்று எடுத்து, அலை மிகுந்த மாடிச் சன்னலருகே வைத்தோம். யூடியூபில் காலத்தாழ்வைக் குறைக்கும் அமைப்பினைத் தெரிவு செய்யாது, இயல்பான தாழ்வினையே வைத்தோம். அதனால் தந்தையார் காண்பது பல நொடி பின்தங்கும். ஆயினும், இடையில் இணைப்புச் சற்றே தளரினும் முன்னரே சேர்ந்திருக்கும் படம் கைகொடுக்கும். செலவும் சுருங்கிற்று. முந்தைய அமைப்பில் இரண்டு மணி நேரத்துக்கு ஐந்து ஜிபிக்கு மேல் வேண்டும்; இப்பொழுது ஏறத்தாழ 1.2 ஜிபி போதும். நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி என அளந்து பெறும் எங்கள் இல்லத்துக்கு இஃது எளிய செய்தியன்று.

இணைப்பு அறுதலால் வரும் கேடு எளியோர்க்கு மட்டும் உரியதன்று. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 30-ஆம் நாள், இணையவழி நிகழ்ந்த முதல் சதுரங்க ஒலிம்பியாட்டின் இறுதிச் சுற்றில் இந்தியாவும் ரஷ்யாவும் மோதின. அப்பொழுது நேர்ந்த இணையத் தடையினால் நிஹால் சரின், திவ்யா தேஷ்முக் ஆகிய நம் ஆட்டக்காரர் இருவர் தொடர்பிழந்து, காலம் கடந்து தோற்றனர். இந்தியா முறையிட்டதன்மேல், இரு நாடுகளும் பொன் பதக்கத்தைப் பகிர்ந்துகொள்ளுமாறு தீர்ப்பாயிற்று. அறிவும் பயிற்சியும் குறைவறப் பெற்றவரும் வழி அறுந்தவிடத்து ஒன்றும் செய்யவியலாது நின்றனர் எனின், வழியின் அருமை விளங்கும்.

புதிய அமைப்பில் நேரலை தொடங்கி மூன்று திங்கள் ஆயின. காண்போர் சிலர், படம் சிறிது எனக் குறை கூறியதுண்டு. எனினும் முன்போல் இடையில் எழுந்து செல்வார் இலர். தந்தையார் வட்டம் சுழல்வதைக் காணாது இரண்டு மணி நேரமும் இருக்கின்றார். ஓரிரவு தம்பி மலைச்சாலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தவாறே வண்டியை இறக்கினான். சிறிது நேரத்தில் தந்தையாரின் செய்தி திரையில் வந்தது: கீழ்க் கியருக்கு மாற்றி எஞ்சின் பிரேக்கில் இறக்கல் வேண்டும், பிரேக்கையே நம்பின் அது சூடேறிப் பிடிக்காமற் போகும், தொப்பூர்க் கணவாயில் பாரவண்டிகள் அழிந்தது பலகால் அவ்வாறே. தம்பி அவ்வாறே இறக்கினான். பின்னர்த் தந்தையார், பாரம் ஏற்றுவதன் முன் சாலையை நினைத்துப் பார்ப்பது எப்படி, எங்கு நிறுத்தலாம், எங்கு நிறுத்தலாகாது என ஒவ்வொரு கிழமையும் எழுதலானார். பதினாறு ஆண்டுகளாகத் தந்தையார் செய்யும் தொழில் இன்னதென்று அவன் கேட்டறிந்தது அந்நாட்களிலேதான்; யானும் உடனிருந்து கேட்டேன். தெளிந்த படம் அறுந்தறுந்து சென்றிருப்பின் இவ்வுரையாடல் நிகழ்ந்திராது.

மெல்லிய மயிலிறகேயாயினும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதனைத் திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்துக் கூறினார். ஒரு பிட்டுக்கு எடை ஏது? மயிலிறகினும் மெல்லியது அது. ஆயினும் 6,000 கிலோபிட்டினை 1,700 தாங்கும் வழியில் ஏற்றியவிடத்து முறிவே நேர்ந்தது. அவ்வதிகாரம் வேந்தர்க்கு உரைத்ததாயினும் எங்கள் மாடியறைக்கும் பொருந்திற்று.

நம் கல்லூரி மாணவருள் சிற்றூர்களினின்று வருவோர் பலர். விடுமுறையில் ஊர் சென்று, விளையாட்டையோ விழாவையோ நேரலையாக அனுப்ப விழைவோரும் உளர். அவர்க்கு யான் கூறுவது இதுவே: பிறர் அமைப்பினைப் பார்த்து அஞ்சவும் வேண்டா, பின்பற்றவும் வேண்டா. அனுப்பும் வேளையிலேயே நும் வழியினைப் பலமுறை அளமின். குறைந்த அளவினைக் கொண்டு அதில் முக்காற் பங்கினையே ஏற்றுமின். ஒலிக்கு உரியதனை முதலில் ஒதுக்கி, எஞ்சியதற்குள் படத்தின் பரப்பினையும் எண்ணிக்கையையும் அடக்குமின். வழி அகலும் நாள் வருங்கால் படமும் தானே விரியும். அதுகாறும், நமக்காகக் காத்திருப்பார்க்கு நம் சொல் அறாது சென்று சேருமாறு செய்தலே போதியது.